போர்க்களம் சொல்லும் கணக்கு
பழஞ்சீனப் படைநூல்களில் வணிகருக்கு உள்ள பாடங்கள்

'வியாபாரமும் ஒரு போர்தான்' என்ற பேச்சு நம் கடைத்தெருவுக்குப் புதிதல்ல. எதிர்வரிசைக் கடைக்காரர் துவரம் பருப்பில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால், மறுநாள் நாம் மூன்று ரூபாய் குறைக்கிறோம். பெரிய அங்காடி ஒன்று ஊருக்குள் வந்தால் படையெடுப்பு என்கிறோம். கைபேசியில் ஆர்டர் எடுத்து வீட்டு வாசலில் சரக்கை இறக்குபவர்கள் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆனால் போர் என்று சொல்கிற நம்மில் எத்தனை பேர், போரைப் பற்றி ஆழமாக எண்ணியவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்று பார்த்திருக்கிறோம்?

பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உலகில் பெயர்பெற்ற பழைய படைநூல்களுள் முதன்மையான ஒன்று, வாளையும் வேலையும் பற்றிப் பேசுவதைவிடச் செலவு, தானியம், வண்டி வாடகை, விலைவாசி ஆகியவற்றைப் பற்றியே தொடக்கத்தில் பேசுகிறது. படிக்கப் படிக்க, இது சேனாதிபதிக்கு எழுதப்பட்டதா, மண்டி நடத்துபவருக்கு எழுதப்பட்டதா என்ற ஐயமே வந்துவிடும்.

இந்த ஐயம் நமக்கு மட்டும் தோன்றியதல்ல. பழஞ்சீனத்தில் பாய் குய் என்றொரு தானிய வியாபாரி இருந்தார். சன் சூவும் வூ சீயும் படை நடத்திய முறையிலேயே தாம் வணிகம் நடத்துவதாக அவர் சொல்லிவந்தார். கி.மு. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பெருநூலை எழுதி முடித்த சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் இதைப் பதிவு செய்திருக்கிறார். போர்நூலைக் கடைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் இன்றைய மேலாண்மைப் பேராசிரியர் அல்லர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஒரு தானிய மண்டிக்காரர். ஆகவே நாமும் உரிமையோடு இந்த நூல்களுக்குள் நுழையலாம்.

நூலும் ஆசிரியரும்

'போர்க்கலை' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் நூலை இயற்றியவர் சன் சூ என்பது மரபு. சி நாட்டில் பிறந்து, வூ நாட்டு மன்னர் ஹெலூவிடம் படைத்தலைவராக இருந்தவர், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவர் என்று சிமா சியென் கூறுகிறார். நூல் இன்றுள்ள வடிவத்தை அடைந்தது அதற்குச் சில தலைமுறைகள் பிந்தியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 13 அத்தியாயங்கள், ஏறத்தாழ 6,000 சீன எழுத்துகள், அவ்வளவுதான் நூல். 1972ஆம் ஆண்டு ஷான்டோங் மாநிலம் லின்யீயில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளைத் தோண்டியபோது இந்நூல் எழுதப்பட்ட மூங்கில் பட்டைகள் கிடைத்தன. நம் ஓலைச்சுவடிபோல அவர்களுக்கு மூங்கில் பட்டை.

மன்னர் சன் சூவைச் சோதித்த கதை பலரும் கேட்டிருக்கக் கூடியது. அரண்மனைப் பெண்கள் 180 பேரை இரண்டு அணிகளாக நிறுத்திப் பயிற்சி கொடுக்கச் சொன்னாராம். கட்டளை கேட்டு அவர்கள் சிரித்தார்கள். கட்டளை தெளிவாக இல்லையென்றால் குற்றம் தலைவனுடையது என்று சொல்லி, சன் சூ மீண்டும் விளக்கினார். மறுபடியும் சிரித்தபோது, தெளிவாகச் சொல்லியும் நடக்கவில்லையென்றால் குற்றம் அணித்தலைவர்களுடையது என்று, மன்னரின் அன்புக்குரிய இரு பெண்களைத் தண்டித்துவிட்டார். அந்தக் கொடுமை நமக்கு வேண்டாம். ஆனால் கதையின் முதல் பாதி வேண்டும். கடைப் பையன் தவறு செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'நாம் தெளிவாகச் சொன்னோமா?' என்பதே.

களத்துக்கு முன் கணக்கு

நூலின் முதல் அத்தியாயமே கணக்கைப் பற்றியது. போருக்குப் புறப்படும் முன் முன்னோர் கோயிலில் அமர்ந்து கணக்கிட வேண்டும். கணக்கில் மிகுந்தவன் வெல்வான், குறைந்தவன் தோற்பான், கணக்கே போடாதவனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அதன் கருத்து.

கணக்கில் ஐந்து இனங்கள். ஒன்று, தலைவனும் மக்களும் ஒரே மனதாக இருக்கிறார்களா என்பது. இரண்டு, பருவம்: வெயில், மழை, குளிர். மூன்று, இடம்: தொலைவு, மேடு பள்ளம், அகலம், குறுக்கம். நான்கு, தளபதி. ஐந்து, ஒழுங்குமுறை: யார் யாருக்குக் கீழ், எந்தப் பொருள் யார் பொறுப்பில், செலவுக்கு யார் கணக்கு என்பது. வீரம் என்ற சொல் தளபதியின் குணங்களில் ஒன்றாக மட்டுமே வருகிறது. மற்றவை எல்லாம் அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.

தோற்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது, வெல்வதோ எதிரியின் பிழையையும் பொறுத்தது என்று இன்னோர் இடத்தில் சன் சூ கூறுகிறார். ஆகவே முதலில் நம் பக்கத்து ஓட்டைகளை அடைப்பதே வேலை. போட்டிக்கடையின் விலைப்பட்டியலைப் பார்க்க ஆள் அனுப்பும் நாம், நம் கிடங்கில் எத்தனை மூட்டை வண்டு விழுந்து கிடக்கிறது என்று பார்த்தோமா? கடன் பாக்கியில் எவ்வளவு ஆறு மாதம் கடந்தது என்று தனியே கூட்டிப் பார்த்தோமா? பகைவனையும் தன்னையும் அறிந்தவனுக்கு ஆபத்தில்லை என்ற அவருடைய கருத்தைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதில் 'தன்னை' என்ற பாதி எளிதில் மறந்துபோகிறது.

ஒரு மூட்டைக்கு இருபது மூட்டை

இரண்டாம் அத்தியாயம்தான் மளிகை வியாபாரிகளான நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. ஒரு இலட்சம் பேர் கொண்ட படையை ஆயிரம் லீ தொலைவுக்கு, அதாவது சுமார் 400 கிலோமீட்டருக்கு, தானியத்தோடு நடத்திச் செல்ல நாளொன்றுக்கு ஆயிரம் பொன் ஆகும் என்று சன் சூ கணக்குச் சொல்கிறார். தூதர்களுக்கும் விருந்தினர்களுக்கும் ஆகும் செலவு, வில்லும் தேரும் பழுது பார்க்கப் பசையும் அரக்கும் வாங்கும் செலவு வரைக்கும் அதில் சேர்க்கிறார். சில்லறைச் செலவைக்கூட விடாமல் எழுதும் இந்தக் கண்ணை நாம் பேரேடு எழுதும் பெரியவர்களிடம் பார்த்திருக்கிறோம்.

அதைவிட முக்கியமானது போக்குவரத்துக் கணக்கு. எதிரி நாட்டில் கிடைக்கும் ஓர் அளவு தானியம், நம் நாட்டிலிருந்து கொண்டுசெல்லும் இருபது அளவுக்குச் சமம் என்கிறார். காரணம் எளிது. சுமக்கும் ஆளும் சாப்பிட வேண்டும். இழுக்கும் மாடும் தின்ன வேண்டும். வெறும் வண்டியோடு திரும்பும் வழிக்கும் அவற்றுக்குத் தீனி வேண்டும். தொலைவு கூடக் கூடச் சுமையின் பெரும்பகுதியைச் சுமப்பவர்களே தின்றுவிடுவார்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, சிந்தல் சிதறல் எல்லாம் சேர்த்து அடக்க விலை போடத் தெரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் ஐம்பது காசு கூடுதலாகக் கிடைக்கும் சரக்கு, தொலைவில் மலிவாகக் கிடைக்கும் சரக்கைவிடச் சில வேளைகளில் மலிவு.

படை முகாமிட்ட இடத்தில் விலைவாசி ஏறும் என்றும் அவர் எழுதுகிறார். விலை ஏறினால் மக்களின் கையிருப்பு வற்றும், வற்றிய மக்களிடம் வரி வாங்குவது கடினமாகும், அரசு தளரும். இதை எல்லாம் கூட்டித்தான் நீண்ட போரால் எந்த நாடும் நன்மை அடைந்ததில்லை என்ற முடிவுக்கு வருகிறார்.

இதற்குச் சான்று தேட அவர் பணியாற்றிய வூ நாட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். கி.மு. 506இல் போசூ என்னுமிடத்தில் வென்று, தன்னைவிடப் பெரிய சூ நாட்டின் தலைநகருக்குள் நுழைந்த நாடு வூ. ஹெலூவுக்குப் பின் வந்த மகன் ஃபூசாய், தெற்கேயிருந்த யூவே நாட்டையும் கி.மு. 494இல் பணிய வைத்தார். அதன்பின் வடநாட்டு அரசர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பெயர் வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆண்டுதோறும் வடக்கே படை. அருகிலிருக்கும் யூவேயை முதலில் கவனியுங்கள் என்று எச்சரித்த மூத்த அமைச்சர் வூ சீசூவுக்கு மரணமே பரிசாகக் கிடைத்தது. கி.மு. 482இல் சிறந்த வீரர்களை எல்லாம் அழைத்துக்கொண்டு ஹுவாங்சி என்ற இடத்தில் தலைமைப் பட்டத்துக்கு ஃபூசாய் வாதாடிக்கொண்டிருந்தபோது, யூவே படை பின்னாலிருந்து புகுந்து இளவரசரைக் கொன்றது. கி.மு. 473இல் வூ நாடே இல்லாமல் போயிற்று. ஃபூசாய் தற்கொலை செய்துகொண்டார். பெயருக்காக அகலக்கால் வைத்தவர்கள், வேரிருந்த இடத்தை இழந்தார்கள்.

விலைச்சண்டையும் இப்படிப்பட்ட நீண்ட போர்தான். ஒரு வாரம் நஷ்டத்துக்கு விற்றால் தாங்கலாம். ஓராண்டு விற்றால், முதல் பெரியவனுக்குத் தாங்கும். கைமுதலில் ஓடுபவனுக்குத் தாங்காது. எதிரி எந்தக் களத்தில் பலசாலியோ அந்தக் களத்துக்கே போய் நிற்பது சன் சூ சொன்ன முறையல்ல. தண்ணீர் மேட்டை விட்டுப் பள்ளத்தில் ஓடுவதுபோல், பலமான இடத்தை விட்டு வெறுமையான இடத்தில் நுழைவதே முறை என்பார் அவர். பெரிய அங்காடிக்குப் பலம் விலை. நமக்குப் பலம் முகம் தெரிந்த பழக்கம். நூறு கிராம் கேட்டாலும் நிறுத்துக் கொடுப்பதும், மாதக் கடைசியில் பாக்கி எழுதிக்கொள்வதும், திருமண வீட்டுக்குப் பட்டியல் போட்டுத் தருவதும், மீந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் அவர்களால் எளிதில் செய்ய முடியாதவை.

சினத்தால் போர் தொடுக்காதே என்பது நூலின் பிற்பகுதியில் வரும் எச்சரிக்கை. சினம் தணிந்து மகிழ்ச்சி திரும்பலாம். அழிந்த நாடு திரும்பாது என்பது அவர் சொல்லும் காரணம். மூடிய கடைக்கும் இது பொருந்தும்.

தளபதியின் ஐந்து குணங்கள்

அறிவு, நம்பகம், மனிதநேயம், துணிவு, கண்டிப்பு: தளபதிக்கு வேண்டிய ஐந்து குணங்களைச் சன் சூ இந்த வரிசையில் வைக்கிறார்.

மனிதநேயத்துக்குச் சீனர்கள் வூ சீ என்ற தளபதியை எடுத்துக்காட்டுவர். கடைநிலை வீரன் உண்பதையே உண்டார், உடுத்துவதையே உடுத்தார், படுக்கப் பாய் விரிக்கவில்லை, நடைப்பயணத்தில் குதிரை ஏறவில்லை, தம் பங்குத் தானியத்தைத் தாமே சுமந்தார். ஒரு வீரனுக்குக் கட்டி வந்தபோது தம் வாயால் சீழை உறிஞ்சி எடுத்தார். செய்தி கேட்ட அவ்வீரனின் தாய் அழுதாள். தளபதியே இவ்வளவு செய்யும்போது ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். முன்பு என் கணவருக்கும் இப்படித்தான் செய்தார். அவர் பின்வாங்காமல் போரிட்டு இறந்தார். இப்போது என் மகன் எங்கே இறப்பானோ என்றாளாம். இந்தக் கதையை இரண்டு முறை படிக்க வேண்டும். வேலையாளோடு சேர்ந்து உண்ணும் முதலாளிக்கு ஆள் உயிரைக் கொடுத்து உழைப்பான். அந்த உழைப்பை வாங்கிக்கொண்டு அவன் குடும்பத்தை மறந்தால், அந்தத் தாயின் கண்ணீருக்கு நாமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அறிவுக்கும் ஏட்டறிவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சாங்பிங் போர் எடுத்துக்காட்டு. கி.மு. 260இல் சின் நாடும் ஜாவோ நாடும் மோதின. ஜாவோவின் முதிய தளபதி லியான் போ, அரண் அமைத்துக்கொண்டு வெளியே வராமல் காத்திருந்தார். தொலைவிலிருந்து வந்த சின் படைக்கு உணவுச் செலவு ஏறிக்கொண்டே போகும் என்பது அவர் கணக்கு. சின் ஒற்றர்கள் ஒரு வதந்தியைப் பரப்பினார்கள்: எங்களுக்கு லியான் போவிடம் பயமில்லை, ஜாவோ குவோ தளபதியானால்தான் பயம் என்று. ஏற்கனவே பொறுமை இழந்திருந்த மன்னர் அதை நம்பி முதியவரை நீக்கினார்.

ஜாவோ குவோ பெரிய தளபதி ஒருவரின் மகன். சிறுவயது முதல் போர்நூல் கற்றவன். வாதத்தில் தந்தையையே மடக்குவான். போர் என்பது உயிர் போகும் விஷயம், இவனோ அதை எளிதாகப் பேசுகிறான் என்று தந்தை வருந்தியிருந்தார். மகனை அனுப்ப வேண்டாம் என்று தாயே மன்னருக்கு விண்ணப்பம் எழுதினாள். அவள் சொன்ன காரணம் நாம் கவனிக்கத்தக்கது. கணவர் அரசர் கொடுத்த பரிசுகளை அதிகாரிகளுக்குப் பகிர்ந்துவிடுவார். பொறுப்பு ஏற்ற நாள் முதல் வீட்டு விவகாரம் கேட்கமாட்டார். மகனோ கிடைத்த பொன்னை வீட்டில் பூட்டிவைத்து, எங்கே நிலம் விலைக்கு வருகிறது, எந்த வீடு வாங்கலாம் என்றே நாள்தோறும் விசாரிக்கிறான். மன்னர் கேட்கவில்லை. அப்படியானால் இவன் தோற்றால் என்னைத் தண்டிக்காதீர்கள் என்று மட்டும் உறுதி வாங்கிக்கொண்டாள்.

புதிய தளபதி அரணைவிட்டு வெளியே பாய்ந்தான். சின் படை பின்வாங்குவதுபோல் நடித்து, அவனைச் சூழ்ந்து, தானியம் வரும் வழியை அறுத்தது. 46 நாட்கள் உணவில்லை. ஜாவோ குவோ அம்பு பட்டு இறந்தான், படை சரணடைந்தது. இப்போரில் மடிந்த ஜாவோ வீரர்கள் 4 இலட்சத்துக்கு மேல் என்பது சிமா சியென் தரும் எண்ணிக்கை. இது மிகை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அந்த நாடு பிறகு தலைநிமிரவில்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

பிள்ளைகளைப் பெரிய படிப்புப் படிக்க வைத்துக் கடைக்கு அழைத்துவரும் நண்பர்கள் இன்று நம்மிடையே உண்டு. வரவேற்கிறோம். ஆனால் கல்லாப்பெட்டியில் உட்காரும் முன், மூட்டை பிரிக்கவும் மிளகாய் வற்றலைக் கையில் எடுத்து ஈரம் பார்க்கவும் கொஞ்ச காலம் பழகட்டும். கடைப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் நடுவே கோடு போடக் கற்றுக்கொள்ளட்டும். அந்தத் தாய் கண்ட குறை அதுதான்.

அண்டை நாடு கேட்ட கைமாற்று

சாங்பிங் முற்றுகையின்போது நடந்த இன்னொரு செய்தி, சங்கமாகச் சேர்ந்திருக்கும் நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. பட்டினியில் தவித்த ஜாவோ, அண்டையிலிருந்த சி நாட்டிடம் தானியம் கடன் கேட்டது. சி நாட்டு மன்னர் மறுத்தார். அவருடைய ஆலோசகர் ஒருவர் மன்றாடினார்: ஜாவோ நமக்கு மறைப்பு, உதடு போனால் பல்லுக்குக் குளிர், இன்று அங்கே வருகிற துன்பம் நாளை இங்கே வரும், பட்டினி கிடப்பவனைக் காப்பதைவிடத் தானியத்தைக் காப்பது எப்படிப் பெரிதாகும் என்று. மன்னர் செவிசாய்க்கவில்லை.

ஒவ்வொரு நாடாகச் சின் விழுங்கியது. ஒவ்வொன்று விழும்போதும் சி நாடு வேடிக்கை பார்த்தது. 39 ஆண்டுகள் கழித்து, கி.மு. 221இல், கடைசியாக எஞ்சியிருந்த சி நாட்டின் எல்லைக்குச் சின் படை வந்தபோது, உதவிக்கு அழைக்க ஒரு நாடும் மிச்சமில்லை. போரிடாமலே சரணடைந்தது. கிடங்கில் காப்பாற்றிய தானியம் யாருக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்துக் கடைக்காரருக்குச் சரக்கு தட்டுப்பட்டால் அடக்க விலைக்கு நாலு மூட்டை தள்ளிவிடுவது நம் முன்னோர் வழக்கம். கொள்முதலில் நாலு பேர் சேர்ந்து ஒரு லோடு எடுப்பதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். அவர் கடை மூடினால் அவருடைய வாடிக்கை நமக்கு வரும் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது நமக்கு வருவதில்லை. கடை குறைந்த தெருவுக்கு மக்கள் வருவதே குறைந்துபோகும்.

கணக்கேட்டைக் காத்தவருக்கு முதல் பரிசு

கி.மு. 206இல் லியூ பாங் என்ற தலைவரின் படை சின் பேரரசின் தலைநகருக்குள் நுழைந்தது. தளபதிகள் பொன்னும் பட்டும் இருந்த கிடங்குகளுக்கு ஓடினார்கள். சியாவ் ஹே என்ற ஒருவர் மட்டும் அலுவலகங்களுக்குச் சென்று சட்ட ஏடுகளையும் நிலப்படங்களையும் குடிக்கணக்குகளையும் எடுத்துப் பத்திரப்படுத்தினார். எந்த ஊரில் எத்தனை பேர், எந்த வழி குறுகலானது, எங்கே மக்களுக்கு என்ன குறை என்பதெல்லாம் பின்னர் லியூ பாங்குக்குத் தெரிந்தது இந்த ஏடுகளால்தான்.

அதைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் கடும்போர். லியூ பாங் பலமுறை தோற்றோடினார். ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து சியாவ் ஹே தானியமும் ஆளும் அனுப்பிக்கொண்டே இருந்தார். கி.மு. 202இல் லியூ பாங் வென்று ஹான் பேரரசை நிறுவியபின் பரிசு வழங்கும் வேளை வந்தது. உடம்பில் 70 காயம் பட்ட தளபதிக்கே முதலிடம் என்று படைத்தலைவர்கள் வாதிட்டார்கள். ஒரு நாளும் வாள் சுழற்றாத, எழுத்தும் கணக்குமாக இருந்த சியாவ் ஹேவுக்கா முதல் பரிசு என்று முணுமுணுத்தார்கள். வேட்டையில் முயலைப் பிடிப்பது நாய். வழி காட்டுவது மனிதன் என்று லியூ பாங் பதில் சொன்னார். முதலிடம் சியாவ் ஹேவுக்கே கிடைத்தது.

தானியத்தைத் தவறாமல் கொண்டு சேர்த்தவரே வெற்றிக்கு முதற்காரணம் என்று ஒரு பேரரசர் ஊரறியச் சொன்ன நிகழ்ச்சி இது. நம் தொழிலை 'வெறும் மளிகை' என்று சிறிதாகப் பேசுவோருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

வாளை வைத்துவிட்டுத் தராசை எடுத்தவர்

வூ நாட்டை வீழ்த்திய யூவே மன்னருக்குத் துணையாக நின்றவர் ஃபான் லீ என்ற அமைச்சர். வெற்றி கிடைத்ததும் பதவியைத் துறந்து படகேறிப் போய்விட்டார். துன்பத்தில் பங்குகொள்ள அனுமதிக்கும் இந்த மன்னர் இன்பத்தில் பங்குகொள்ள விடமாட்டார் என்பது அவர் கணிப்பு. தங்கிவிட்ட நண்பர் உயிரிழந்தார், கணிப்பு சரியாயிற்று. பல நாடுகளின் சரக்கும் வந்து கலக்கும் தாவோ என்ற ஊரைத் தேர்ந்து, அங்கே பெயரை மாற்றிக்கொண்டு வணிகம் தொடங்கினார். 19 ஆண்டுகளில் மூன்று முறை ஆயிரம் பொன் சேர்த்தார். இரண்டு முறை அதை ஏழை நண்பர்களுக்கும் தூரத்து உறவினர்களுக்கும் பகிர்ந்தளித்தார். இன்றும் சீனர்கள் அவரைத் 'தாவோ ஊர்ப் பெரியவர்' என்று வணிகர்களின் முன்னோராகப் போற்றுகிறார்கள்.

யூவே நாட்டில் அப்போது பின்பற்றப்பட்ட பொருளியல் அறிவுரைகளைச் சிமா சியென் தருகிறார். வறட்சியில் படகு வாங்கி வை. வெள்ளத்தில் வண்டி வாங்கி வை என்பது ஒன்று. கெட்டுப்போகும் சரக்கைத் தேக்காதே. பணத்தை நீர்போல ஓடவிடு என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விடத் தானிய விலையைப் பற்றிய கணக்கு வியப்பூட்டுவது. ஓரளவு தானியம் 20 காசுக்கு இறங்கினால் உழவன் நோவான். 90 காசுக்கு ஏறினால் வணிகன் நோவான். வணிகன் நொந்தால் சரக்கு வெளியே வராது. உழவன் நொந்தால் வயலில் களை எடுக்கமாட்டான். 30க்குக் குறையாமலும் 80க்கு மேற்படாமலும் இருந்தால் இருவரும் வாழ்வார்கள். உழவர், வணிகர் இருவர் வயிற்றையும் சேர்த்துப் பார்த்த கணக்கு இது.

பாய் குய் பின்பற்றியதும் இந்த வழியே. அறுவடையில் எல்லோரும் விற்கும்போது தானியத்தை வாங்கிப் பட்டையும் அரக்கையும் விற்றார். பட்டுக்கூடு வரும் பருவத்தில் பட்டை வாங்கித் தானியத்தை விற்றார். எளிய உணவு, எளிய உடை. வேலையாட்களோடு சேர்ந்தே இன்ப துன்பம். வாய்ப்பு வந்தால் மட்டும் வேட்டைப் பறவையின் வேகம். அறிவும் துணிவும் ஈகையும் உறுதியும் இல்லாதவன் வந்து கேட்டாலும் இத்தொழிலைக் கற்றுத்தரமாட்டேன் என்றாராம்.

எதை எடுக்கக் கூடாது

போர் என்பதே ஏமாற்று வழி என்று சன் சூ வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அருகிலிருந்தால் தொலைவில் இருப்பதுபோலக் காட்டு. வலிமை இருந்தால் இல்லாததுபோல் நடி என்பன அவர் முறைகள். போர்நூலைக் கடைக்குக் கொண்டுவருபவர்கள் தவறி விழும் இடம் இதுதான். எடையிலும் கலப்படத்திலும் 'இதுவும் ஒரு தந்திரம்' என்று சொல்லிக்கொள்வோர் உண்டு.

நூலைக் கூர்ந்து பார்த்தால் அந்த ஏமாற்று பகைவரை நோக்கியது மட்டுமே. தன் படைக்குத் தளபதி காட்ட வேண்டிய குணங்களில் அறிவுக்கு அடுத்தபடியாக நிற்பது நம்பகம். நம் கடையில் தராசுக்கு முன் நிற்கும் வாடிக்கையாளர் பகைவர் அல்லர். நம் படையைச் சேர்ந்தவர். அவருக்குக் கொடுத்த சொல் பொய்த்தால், நாம் வெட்டிக்கொள்வது நம் சொந்தத் தானிய வழியைத்தான். எதிர்க்கடைக்காரரும் பகைவர் அல்லர் என்பதைச் சி நாட்டின் கதை காட்டிவிட்டது.

அப்படியானால் பகைவர் யார்? எழுதாத கணக்கு, தேங்கிய சரக்கு, வசூலாகாத பாக்கி, பெயருக்காக எடுக்கும் பெரிய கடன், கோபத்தில் எடுக்கும் முடிவு. இவற்றின் மீது போர் தொடுக்கலாம்.

ஐந்து கேள்விகள்

சன் சூவின் ஐந்து கணக்கு இனங்களைக் கடைக்கு ஏற்ப மாற்றி, இந்த மாதக் கடைசியில் கடை அடைத்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

1. நம் வீட்டாரும் வேலையாட்களும் நம்மோடு ஒரே மனதாக இருக்கிறார்களா? நம் திட்டம் அவர்களுக்குத் தெரியுமா?

2. வரப்போகும் பருவத்துக்கும் பண்டிகைக்கும் எந்தச் சரக்கு வேண்டும், எது தேங்கும்?

3. நம் கடை இருக்கும் தெருவுக்கு எது பலம்? எந்தச் சரக்கை எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கிறோம், அதன் உண்மையான அடக்கம் என்ன?

4. அறிவு, நம்பகம், மனிதநேயம், துணிவு, கண்டிப்பு: இவற்றில் நம்மிடம் குறைந்தது எது?

5. நாம் பத்து நாள் படுத்துவிட்டால், ஏடுகளைப் பார்த்துக் கடையை நடத்த இன்னொருவரால் முடியுமா?

விடைகளை ஒரு தாளில் எழுதி வைப்போம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வந்தால், ஒருவர் குறைக்கு இன்னொருவர் அனுபவம் மருந்தாகும். கேட்டபோது கொடுக்காத தானியம் யாருக்கும் பயன்படவில்லை என்பதை நினைவில் வைத்து, கேட்பவருக்குக் கொடுப்போம். தேவைப்படும்போது தயங்காமல் கேட்போம்.